பின்தங்கும் மாணாக்கரும் ஆசிரியர் குழுவும்

கல்லூரியொன்றின் உயர்வை அளந்தறிவதற்குப் பலரும் பல அளவுகோல்களைக் கையாள்வர். பரீட்சைப் பெறுபேறுகளைக் கணக்கிடுவோர் ஒருசாரார். விளையாட்டு மைதானத்திலே ஈட்டிய கேடயங்களை எண்ணுவோர் ஒருசாரார். உயர்பதவிகளில் அமர்ந்த பழைய மாணவரின் பெயர்களை எடுத்துக் காட்டுவோர் மற்றொருசாரார். விழா மலரிலே இவை யாவும் இடம்பெறுதல் முறையே. ஆயின், எந்த மலரிலும் இடம்பெறாத பெயர்ப்பட்டியல் ஒன்றுண்டு. ஆறாந் தரத்திலே நம்மோடு ஒருங்கு சேர்ந்து, பத்தாந் தரத்தை எட்டுமுன்னரே ஓசையின்றி நின்றுவிட்டோரின் பட்டியலே அது. வகுப்பிடாப்பிலே அவர்தம் பெயர்மீது கோடொன்று இழுக்கப்பட்டது. அவர்களைப் பற்றிய நம் நினைவும் அக்கோட்டோடு முடிந்தது. அத்தகைய மாணாக்கரை இழந்துவிடாது காக்கும் வழி யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

கீழ்வகுப்புகளில் ஓராசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பித்தலால் பிள்ளையின் இயல்பு முழுவதும் அவர் கண்ணுக்குப் புலனாகின்றது. இடைநிலை வகுப்பை எய்தியதும் நிலைமை மாறிவிடுகின்றது. எட்டொன்பது ஆசிரியர்கள் வெவ்வேறு பாடவேளைகளில் வருகின்றனர். நாற்பது நிமிடம் கற்பித்துச் செல்கின்றனர். எட்டாந் தரத்து மாணவன் ஒருவனைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கணித ஆசிரியருக்கு அவன் மனக்கணக்கிற் கெட்டிக்காரன். தமிழாசிரியருக்கு அவன் கொப்பி கொண்டுவராத சோம்பேறி. ஆங்கில ஆசிரியருக்கு அவன் குழப்படிகாரன். வரலாற்று ஆசிரியருக்கு அவன் தண்ணீர் குடிக்க அடிக்கடி அனுமதி கேட்பவன். விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கோ அவன் சொன்னதைச் சொன்னபடி செய்யும் நல்ல பிள்ளை. ஐவர் கூறுவனவும் உண்மையே. ஆயினும் ஐந்து உண்மைகளும் ஓரிடத்தில் வைத்து நோக்கப்படாமையால் அவனை அறிந்தவர் எவருமிலர். தவணை முடிவிலே தேர்ச்சி அறிக்கையில் ‘கவனம் போதாது’ என்னும் இரு சொற்கள் எழுதப்படுகின்றன. நோய் இன்னதென அறியாமலே மருந்தெழுதுதல் போன்றது அது.

கல்வியில் இடர்ப்படும் பிள்ளையை ஆராய்ந்தறியும் முயற்சி புதியதன்று. 1896 ஆம் ஆண்டிலே ஒன்றையொன்று அறியாத இரு நிகழ்ச்சிகள் இரு நாடுகளில் நடைபெற்றன. இங்கிலாந்திலே சீபோட் என்னும் ஊரில் வாழ்ந்த மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ வெளியீடொன்றில் எழுதினார். அச்சிறுவன் கூரிய அறிவினன், கணக்கில் வல்லவன், எழுதப்பட்ட சொல்லை மாத்திரம் அவனால் வாசித்தல் இயலவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலறிஞர் லைற்னர் விற்மரிடம், எழுத்துக்கூட்ட இயலாத மாணவன் ஒருவனை அவனுடைய ஆசிரியையே அழைத்துச் சென்றார். ஆராய்ந்தபொழுது அவன் கண்பார்வையிற் குறையிருந்தமை வெளிப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே உலகின் முதலாவது உளவியற் சிகிச்சை நிலையம் அங்கு உருவாயிற்று. மந்தன் என்றோ மடியன் என்றோ தள்ளப்படும் பிள்ளையிடத்தில் நாம் அறியாத காரணமொன்று இருத்தல் கூடும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உலகுக்கு உணர்த்தின.

ஆயினும் நிபுணர் சிலர், பிள்ளைகளோ பலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1975 ஆம் ஆண்டிலே, குறைபாடுடைய பிள்ளைகள் அனைவர்க்கும் தக்க கல்வியை இலவசமாக அளித்தல் வேண்டும் என்னும் சட்டம் நிறைவேறியது. அதன் நோக்கம் சாலச் சிறந்தது. ஆனால் எதிர்பாராத விளைவொன்றும் உண்டாயிற்று. வகுப்பிலே தொல்லை தரும் பிள்ளையை நிபுணரிடம் அனுப்பி, அவனுக்கு ஒரு குறைபாட்டின் பெயரைப் பெற்று, விசேட வகுப்புக்கு மாற்றிவிடுதல் எளிய வழியாகப் பலருக்குத் தோன்றியது. அனுப்பப்பட்டோரிற் பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது விசேட வகுப்பன்று. தம் வகுப்பிலேயே சற்று வேறுபட்ட கற்பித்தல் முறையே.

இந்நிலையில் 1979 ஆம் ஆண்டிலே சால்பன்ற், பிஷ், மூல்ற்றி என்னும் மூவர் புதியதொரு முறையை எடுத்துரைத்தனர். ஒரு பாடசாலையின் ஆசிரியர்கள் தமக்குள்ளேயே மூவரைத் தெரிவு செய்வர். மாணவனொருவனைப் பற்றி உதவி வேண்டும் ஆசிரியர் நான்காமவராகச் சேர்ந்துகொள்வார். வேண்டுமிடத்துப் பெற்றோரும் அழைக்கப்படுவர். ஏறக்குறைய அரைமணி நேரம் கூடி ஆராய்ந்து, மறுநாளே வகுப்பில் நடைமுறைப்படுத்தத்தக்க வழியொன்றை வகுத்துக்கொண்டு எழுவர். இதற்கு ஆசிரியர் உதவிக்குழு என்று பெயர். மேலதிகாரி வந்து தீர்ப்பளிக்கும் மன்றமன்று இது; ஒரே தொழிலைச் செய்வோர் ஒருவர்க்கொருவர் தோள் கொடுக்கும் ஏற்பாடாகும். உதவி கேட்டல் இழுக்கு என்னும் எண்ணம் ஆசிரியர் மனத்திலிருந்து நீங்கினாலன்றி இம்முறை நடைபெறாது என்பதை அம்மூவரும் நன்குணர்ந்திருந்தனர்.

ஜோர்ஜியா மாநிலத்திலே இவ்வெண்ணம் நீதிமன்றத்தின் வாயிலாக வலுப்பெற்றது. கறுப்பின மாணாக்கர் அளவுக்கு மிஞ்சிய வீதத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளிற் சேர்க்கப்படுகின்றனர் என்று அங்கு வழக்குத் தொடரப்பட்டு, 1984 ஆம் ஆண்டிலே தீர்ப்பளிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தோர் கேட்டன யாவும் கிடைக்கவில்லை. எனினும் ஒவ்வொரு பொதுப் பாடசாலையிலும் மாணாக்கர் உதவிக்குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் விதி அவ்வழக்கின் வழியாகவே அம்மாநிலத்தில் நிலைபெற்றது. பிள்ளையை வேறிடத்துக்கு அனுப்புமுன், இருக்குமிடத்திலே செய்யக்கூடியனவெல்லாம் செய்து பார்த்தோமா என்று பாடசாலை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருளாம்.

இனி, இத்தகைய குழு எங்ஙனம் தொழிற்படும் என்பதை நோக்குவோம். 1977 ஆம் ஆண்டிலே பேர்கன் என்னும் உளவியலறிஞர் வகுத்த ஒழுங்கினை இத்துறையினர் பலரும் பின்பற்றி வந்துள்ளனர். அதனை நான்கு வினாக்களாகச் சுருக்கிக் கூறலாம். இடர் யாது? அது ஏன் நிகழ்கின்றது? அதற்கு யாம் யாது செய்வோம்? செய்தது பயன் தந்ததா? பார்வைக்கு இவை மிக எளியன. ஆயின் நம்மிற் பலர் முதல் வினாவுக்கு விடைகாணுமுன்னரே மூன்றாவது வினாவுக்குத் தாவிவிடுகின்றோம். ‘அவன் குழப்படிகாரன்’ என்பது இடரைக் கூறுவதாகாது; அது ஆளுக்குச் சூட்டும் பெயர். ‘ஆங்கில பாடவேளையில் வாரத்துக்கு நான்கு முறை அடுத்தவன் கொப்பியைப் பறித்து எறிகின்றான்’ என்பதே இடரைக் கூறுவது. எண்ணத்தக்கதையே குறைக்கவும் முடியும்.

மேலே கூறிய எட்டாந் தரத்து மாணவனிடமே திரும்புவோம். அவனைப் பற்றிய ஐந்து ஆசிரியர்களின் குறிப்புகளும் வரவு இடாப்பும் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன. குழப்படி எந்த நேரத்தில் நிகழ்கின்றது என்பதை ஒரு வாரம் குறித்து வருமாறு ஆங்கில ஆசிரியரைக் குழு வேண்டுகின்றது. பாடத்தை வாங்கு வாங்காக உரத்து வாசிக்கும்போது, அவனுக்கு முந்திய வாங்கு வரை முறை வந்தவுடனேயே குழப்படி தொடங்குகின்றது என்பது தெரியவருகின்றது. வரலாற்றுப் பாடத்திலே தண்ணீர் குடிக்கப் போவதும் அதே வேளையில்தான். தமிழ்க்கொப்பி வாராமைக்கும், கணக்கிலே மனக்கணக்கு வந்து வசனக்கணக்கு வாராமைக்கும் காரணம் ஒன்றே. அவனுக்கு வாசிப்பு வரவில்லை. வகுப்பின் முன் அது வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சமே குழப்படியாக உருவெடுக்கின்றது.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டியதொன்றுண்டு. குழப்படி செய்தவனுக்கு ஆசிரியர் விதித்த தண்டனை யாது? ‘வெளியே போய் நில்’ என்பதே. அவன் வேண்டியதும் அதுவே. வெளியே நிற்பவனை எவரும் வாசிக்கச் சொல்வதில்லை. ஆகவே, திருத்துவதாக எண்ணி விதித்த தண்டனை அவனுடைய குழப்படிக்குப் பரிசாக முடிந்தது. நடத்தையின் புறத்தோற்றத்தை மாத்திரம் நோக்குவோர்க்கு இது புலப்படாது. அந்நடத்தையினாற் பிள்ளை எதனைப் பெறுகின்றான், எதனிலிருந்து தப்புகின்றான் என்று வினாவுவோர்க்கே புலப்படும்.

காரணம் தெரிந்தபின் வழி வகுத்தல் எளிதாகின்றது. முதலிலே கண்ணும் காதும் பரிசோதிக்கப்படல் வேண்டும். அடுத்து, எந்தப் பாடத்திலும் முன்னறிவித்தலின்றி அவனை உரத்து வாசிக்கச் சொல்வதில்லை என்று ஆசிரியர் யாவரும் உடன்படுதல் வேண்டும். மறுநாள் வாசிக்கவேண்டிய இரண்டு வசனங்களை முதல்நாளே கொடுத்துவிடலாம். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடம், ஆசிரியரொருவர் அவனோடிருந்து அவன் நிலைக்கேற்ற எளிய நூலை வாசிப்பித்தல் வேண்டும். குழப்படி செய்தால் வெளியே அனுப்புதலை விடுத்து, வகுப்பு முடிந்தபின் விட்ட பகுதியைத் தனியே இருந்து முடிக்கச் செய்தல் வேண்டும். வீட்டிலே ஒருவர் நாள்தோறும் பத்து நிமிடம் அருகிருந்து கேட்டால் நன்று. இவற்றுக்கு மிகுந்த பணம் வேண்டியதில்லை. யாவற்றையும் ஒருங்கே செய்வதற்கு ஓர் உடன்பாடே வேண்டும்.

நான்காவது வினாவே பெரும்பாலும் கைவிடப்படுவது. பயனை அளந்தறிவதற்கு மினசோற்றாப் பல்கலைக்கழகத்து ஸ்ரான்லி டீனோ காட்டிய முறை மிக இலகுவானது. கிழமைக்கொருமுறை, முன் வாசியாத பகுதியொன்றைக் கொடுத்து, ஒரு நிமிடத்திற் பிழையின்றி வாசித்த சொற்களை எண்ணி ஒரு தாளிற் புள்ளியிட்டு வருதல் வேண்டும். தொடக்கத்தில் 30 சொல் வாசித்தவன் ஆறாம் வாரத்தில் 45 சொல் வாசிப்பானாயின், வழி சரியானது, தொடரலாம். 31 சொல்லிலே நிற்பானாயின் அவனைக் குறைகூறுதல் தகாது. வழியை மாற்றுதலே தகும். அந்தத் தாளை மாணவன் கையிலேயே கொடுத்துப் புள்ளியிடச் செய்தல் மிகவும் நன்று. தான் முன்னேறுதலைத் தன் கண்ணாற் காணும் பிள்ளைக்கு வேறு ஊக்கமொழி வேண்டியதில்லை.

இம்முறை எங்கும் வெற்றி கண்டதென்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். அமெரிக்காவிலே அயோவா மாநிலத்தில் நடத்தப்பட்டு 1994 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, இவ்வாறு வகுக்கப்பட்ட திட்டங்களிற் பெரும்பாலானவற்றில் இடரைத் தெளிவாக வரையறுத்தலோ, தொடக்க நிலையை அளந்துகொள்ளுதலோ காணப்படவில்லை என்று காட்டியது. 1997 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் நான்கு ஆசிரியர்களின் செயல் நாள்தோறும் கவனிக்கப்பட்டது. திட்டத்தை நன்கு கற்றுத் தொடங்கிய அவர்கள் சில நாட்களுக்குள்ளேயே அதனைத் தளரவிட்டனர். ஒருவர் நாடோறும் வந்து, செய்தவற்றையும் விட்டவற்றையும் எடுத்துக்காட்டியபொழுது மீண்டும் செவ்வனே செய்தனர். அவ்வாசிரியர்கள் மனமில்லாதவரல்லர், வேலைப்பளு மிகுந்தவர். ஆதலால் குழுவின் கடமை வழி கூறுதலோடு முடிவதில்லை. மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் சென்று, ‘இயல்கின்றதா? எங்கே தடைப்படுகின்றது?’ என்று வினாவுதலே அதன் கடினமான பகுதி.

குழுவின் பேச்சு ஆசிரியர் ஓய்வறையின் வம்பாக மாறிவிடுதலும் ஒரு கேடு. பிள்ளையின் வீட்டு வறுமையும் தாய்தந்தையர் பிணக்கும் பலர் வாயிற்படுமாயின், உதவி தீங்காகிவிடும். இவ்விடயத்தில் பின்லாந்து நாட்டின் ஏற்பாடு கருதத்தக்கது. 2014 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நடைமுறைக்கு வந்த மாணாக்கர் நலச் சட்டத்தின்படி, தனியொரு பிள்ளையின் பொருட்டு அங்கு குழு கூடுவதாயின் பிள்ளையின் அல்லது பெற்றோரின் உடன்பாடு வேண்டும். குழுவில் யார் இருக்கலாம் என்பதற்கும் அவ்வுடன்பாடு வேண்டும். உளவியலாளரோடு பேச விரும்பும் மாணாக்கருக்கு ஏழு வேலைநாட்களுக்குள் வாய்ப்பளித்தல் கடமை. அவசரமாயின் அன்றோ மறுநாளோ அளித்தல் வேண்டும். அத்துணை நிபுணர் நம்மிடம் இல்லாதிருக்கலாம். பிள்ளையைக் கேட்டே அவனைப் பற்றிப் பேசுதல் என்னும் பண்புக்கு நிபுணர் வேண்டியதில்லை.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி எய்திய நாடு நம்முடையது. 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை பாடசாலை செல்லுதலைக் கட்டாயமாக்கின. 2016 ஆம் ஆண்டிலே அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. வாயில் திறந்திருக்கின்றது, உள்ளே வரவேண்டும் என்னும் விதியும் இருக்கின்றது. வந்தவன் உள்ளே கற்கின்றானா என்பதே எஞ்சி நிற்கும் வினா. 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. பிரம்பை நீக்குதல் சரியே. ஆயின் பிரம்பு இருந்த இடத்திலே யாது வைக்கப்பட்டது? ஒன்றும் வைக்கப்படாதவிடத்து, ஆசிரியர் சிலர் கையறுநிலை எய்தினர். சிலர் கடுஞ்சொல்லைப் பிரம்பாக்கினர். அவ்வெற்றிடத்தை நிரப்பத்தக்கது இக்குழுவே என்பது எம் துணிபு.

அதற்கு வேண்டிய உறுப்புகள் பல நம்மிடம் உள்ளன. சுகாதாரத் திணைக்களத்தினர் நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் பல பாடசாலைகளில் உளர். வகுப்பாசிரியர், பகுதித்தலைவர், இல்லப் பொறுப்பாசிரியர் என்னும் வரிசை உண்டு. வரவு இடாப்பும் புள்ளி அட்டவணையும் உண்டு. இவையெல்லாம் ஒரே மேசைக்கு வருதல் மாத்திரமே இல்லை. அம்மேசையின் தேவையோ இக்காலத்தில் மிகுந்துள்ளது. 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் வடுக்கள் பல இல்லங்களில் இன்னும் ஆறவில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் கற்றலைக் குலைத்தது. அக்காலத்திலே எழுத்தறியத் தொடங்கிய பிள்ளைகள் பலர், எழுத்தும் உயிர்மெய்க் குறியீடுகளும் செவ்வனே பதியாமலே மேல்வகுப்புகளுக்கு ஏறி வந்துள்ளனர். அவர்களைச் சோம்பேறிகள் என்றல் நீதியாகாது.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்று ஒரு தடை கூறப்படலாம். கிழமைக்கு அரைமணி, கிழமைக்கு ஒரு மாணவன் எனத் தொடங்கினாலும் ஒரு தவணையிற் பத்துப் பேரையேனும் நோக்கலாம். அப்பத்துப் பேராலும் வகுப்புகளில் வீணாகும் நேரத்தைக் கணக்கிட்டாற் செலவைவிட வரவே மிகும். குழப்படி செய்வோருக்குச் செல்லங்கொடுப்பதாகும் என்று மற்றொரு தடை கூறப்படலாம். அன்று. கட்டுப்பாடு தளர்த்தப்படவில்லை. விட்ட பாடத்தை அவன் முடித்தேயாகவேண்டும். பறித்தெறிந்த கொப்பிக்கு அவன் மன்னிப்புக் கேட்டேயாகவேண்டும். செய்யக்கூடிய நிலையில் அவனை வைத்தபின் செய்யுமாறு கேட்கின்றோம் என்பதே வேறுபாடு.

இறுதியாக, பழைய மாணவர்க்கு ஒன்று. கல்லூரியன்னைக்கு நாம் செய்துவரும் தொண்டு சிறிதன்று. மண்டபங்களும் பரிசு நிதிகளும் விளையாட்டுக் கருவிகளும் நம் அன்பின் அடையாளங்கள். பரிசு நிதிகளிற் பெரும்பாலன முதல்வனாக வருபவனுக்கே செல்கின்றன. கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் நிதியொன்று உண்டாகட்டும். ஒரு மூக்குக்கண்ணாடி, காலை வகுப்புக்கு நேரத்தோடு வருவதற்குப் பேருந்துக் கட்டணம், எளிய வாசிப்பு நூல்கள் ஐம்பது, குழுவில் அமரும் ஆசிரியர்க்கு ஒரு நாட் பயிற்சி ஆகியவற்றுக்குப் பெருந்தொகை வேண்டாம். ஊரிலேயே வாழும், ஓய்வு பெற்ற பழைய மாணவர்கள், அதிபரின் அனுமதியோடு கிழமைக்கு மூன்று காலை வந்து ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்டல் அதனினும் மேலான கொடையாகும். உதவி பெறும் பிள்ளையின் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படாதிருத்தல் வேண்டும். கொடுப்போர் பெயரும் அங்ஙனமே இருத்தல் அழகு.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலே வாசிக்கத் தடுமாறும் ஒருவன் இருப்பானாயின், அவன் தடுமாறும்போது நகையாதிருத்தலும் அக்குழுவின் பணியில் ஒரு பங்கு என்பதை உணர்வீராக. ஆசிரியப் பெருமக்களே, உம்மால் இயலாததொன்றை உடனாசிரியரிடம் கூறி உதவி கேட்டல் தாழ்வன்று. கல்லூரியன்னையின் அடுத்த விழாவுக்கு மலரொன்று தொகுக்கப்படும் காலத்திலே, இன்று எட்டாந் தரத்துக் கடைசி வாங்கில் இருப்பவர் யாவரும் தத்தம் கட்டுரையைத் தாமே எழுதி அனுப்பத்தக்கவராய் வளர்ந்திருத்தல் வேண்டும். அதற்குரிய மேசை இத்தவணையிலேயே இடப்படுவதாக.